அரை பென்னி சரக்கு, 2 ஷில்லிங் 9 பென்ஸ் விலை: டோன்ஸ் மாத்திரை கொள்ளையா, இல்லையா?

செவ்வந்தி:
1909-இல் பிரிட்டிஷ் மருத்துவர் சங்கம் ‘இரகசிய மருந்துகள்’ என்று ஒரு புத்தகம் போட்டது. பேப்பரில் விளம்பரமாகும் மருந்துகளை வாங்கி, சோதித்து, உள்ளே இருப்பதையும் அதன் விலையையும் அச்சிட்டார்கள். டோன்ஸ் முதுகுவலி சிறுநீரக மாத்திரையில் இருந்தவை: ஜூனிப்பர் எண்ணெய், ஹெம்லாக் மரப்பிசின், வெடியுப்பு, வெந்தயப்பொடி, கோதுமை மாவு, சோள மாவு. 40 மாத்திரை 2 ஷில்லிங் 9 பென்ஸ் (ஒரு ஷில்லிங் 12 பென்ஸ்). சரக்கு விலை அரை பென்னி. பகல் கொள்ளை!

பழைய கம்பவுண்டர்:
அன்றைக்கு டாக்டர் கையில் மட்டும் என்ன இருந்ததாம்? பிரைட்ஸ் நோய் (சிறுநீரக அழற்சிக்கு அன்றைய பேர்) என்றால் பால் உணவு, பேதி மருந்து, படுக்கை. கோல்ஃப் என்ற டாக்டர் நெதர்லாந்தில் இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸைச் செய்து பார்த்ததே 1943-இல்தான். டாக்டர் லத்தீனில் கிறுக்கிய சீட்டும் நோயாளிக்கு இரகசியம்தானே? சங்கத்துக்குத் தொழில் போட்டி அம்மா, வேறொன்றுமில்லை.

செவ்வந்தி:
டாக்டரிடம் மருந்து இல்லை, சரி. ஆனால் இடுப்புப் பிடிப்புக்காரனை எல்லாம் சிறுநீரக நோயாளி ஆக்கியது யார்? டோன்ஸ் விளம்பரத்தில் ஒரு ஆள் இடுப்பைப் பிடித்தபடி வளைந்து நிற்பார். மூட்டை தூக்குகிறவருக்கும் துணி துவைக்கிறவருக்கும் அந்த வலி தினமும் உண்டு. நாலு நாளில் தானாகப் போகும், பேர் மாத்திரைக்கு. நிஜமாகவே சிறுநீரகம் கெட்டுக் கால் வீங்கியவர் அதையே நம்பி உட்கார்ந்திருப்பார்.

நீலமணி:
டி விட்ஸ் சிறுநீரக மாத்திரையை விட்டுவிட்டீர்களே! அதில் மெத்திலீன் நீலம் என்ற சாயம். போட்டால் சிறுநீர் நீலமும் பச்சையுமாகப் போகும். கண்ணால் பார்த்தபின் ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று யார் சொல்வார்?

பழைய கம்பவுண்டர்:
கம்பெனியை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்? அந்த 2-9-இல் 3 பென்ஸ் அரசாங்கத்தின் முத்திரை வரி. சரக்கு விலையைப்போல் ஆறு மடங்கு! பெட்டியில் அந்த முத்திரையைப் பார்த்து, சர்க்காரே ஒப்புக்கொண்ட மருந்து என்று ஜனம் நம்பியது.

செவ்வந்தி:
அதை ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்காவிலும் சட்டம் அப்படித்தான் நொண்டியது. 1906 உணவு, மருந்துச் சட்டத்துக்குப் பிறகு வார்னர்ஸ் கம்பெனியின் சிறுநீரக மருந்து ‘சேஃப் க்யூர்’ (குணமாக்குவது) என்ற பேரை விட்டு ‘சேஃப் ரெமடி’ (மருந்து) ஆனது, அவ்வளவுதான். குணமாக்கும் என்று பொய் சொல்வதை அந்தச் சட்டம் தடுக்காது என்று 1911-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 1912-இல் திருத்தினார்கள், ஆனால் ஏமாற்றும் நோக்கத்தையும் நிரூபிக்க வேண்டும். ‘நான் நம்பித்தான் விற்றேன்’ என்றால் கேஸ் படுத்துவிடும்.

பழைய கம்பவுண்டர்:
விளம்பரத்தை விட்டுக்கொடுக்கிறேன். அரை பென்னி கணக்கை விடமாட்டேன். உருட்டுகிற கூலி, பெட்டி, கடைக்காரர் லாபம் எல்லாம் எங்கே? இன்றைய பாராசிட்டமாலையும் அப்படிப் பிரித்துப் பாருங்கள்.

செவ்வந்தி:
பாராசிட்டமால் காய்ச்சலைக் குறைக்கும் சார். வெந்தயம் என் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது.