ஒரே ஈற்று, இரண்டு சட்டி

வேலந்தாவளத்தான்:
மகளின் பூப்பு நன்னீராட்டுக்காக வளர்த்தவை. ஒரே ஈற்றில் விழுந்த இரண்டு வெள்ளாட்டுக் கிடாக்குட்டிகள். ஒன்றைக் கொட்டிலில் கட்டி மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் வைத்தேன். மற்றதை மாமா தன் பட்டியோடு வாளையார் மலையடிவாரத்துக்கு ஓட்டிப் போனார். வெள்வேல நெற்று, கிளுவைத் தழை, கொழுக்கட்டைப் புல் என்று கிடைத்ததையெல்லாம் தின்று வளர்ந்தது. இரண்டையும் ஒரே விடியலில் அறுத்தோம். ஒரே மசாலா, ஒரே விறகு, இரண்டு சட்டி.

மூடியைத் திறந்த அந்த நேரம் இன்னும் என்னை விடவில்லை. கொட்டில் ஆட்டுச் சட்டியில் விரற்கடை உயரம் நெய் மிதந்தது. மசாலா வாசம்தான் வந்தது. மாமாவின் சட்டியில் நெய்யே கண்ணில் படவில்லை. ஆனால் மழை நனைத்த கரட்டில் தழையை மிதித்து நடந்தால் ஒரு வாடை எழுமே, அதோடு ஆட்டு மொச்சை வாடையும் சேர்ந்து வாசல்வரை போயிற்று. திருச்சூரிலிருந்து வந்த விருந்தாளிகள் கொட்டில் கறியையே மறுபடி மறுபடி கேட்டு வாங்கினார்கள். தொண்ணூறை நெருங்கும் எங்கள் ஆத்தா மட்டும் அதில் ஒரு வாய் வைத்துவிட்டு, "சதை இருக்கிறது, ஆட்டைக் காணோமே" என்றாள். ஆறு மாதம் அதை ஊட்டி வளர்த்தவன் நான்.

பலமனேர் அக்கா:
தம்பி, காயடித்தீர்களா இல்லையா என்பதைச் சொல்லவே இல்லையே. தீனியைவிட அதுதான் முக்கியம். எடை நன்றாக இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சந்தையில் காயடிக்காத ஒரு முற்றிய பொலிகிடாவைப் பிடித்து வந்தார். தோலை உரிக்கும்போதே நெடி தாங்கவில்லை. மஞ்சள், எலுமிச்சை, புளித்தண்ணீர், எதிலும் போகவில்லை. மறுநாள் கேழ்வரகுக் களி உருட்டினேன். என் கையிலிருந்த வீச்சம் உருண்டையில் ஏறியிருக்கிறது. மாமியார் முகர்ந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் தட்டைத் தள்ளி வைத்தார். அந்தத் தட்டு தரையில் உரசிய சத்தம் இன்னும் கேட்கிறது. கிடாவின் தோலைத் தொட்ட கை கறியில் படக் கூடாது என்று பிறகுதான் ஒருவர் சொல்லித் தந்தார்.

தீவனக்கடை, குப்பம்:
அக்கா சொல்வது பாதிதான் சரி. கடை வைத்த புதிதில் கருவாட்டுத்தூள் கூடுதலாக விழுந்த கோழித்தீவனத்தை விற்றுவிட்டேன். வாங்கியவர் அவித்த முட்டையை என் முன்னால் உடைத்து நீட்டினார், மீன் நாற்றம். அன்றிலிருந்து இதைத் தேடிப் படிக்கிறேன். ஆட்டு மொச்சைக்கு முதற்காரணம் கிளை பிரிந்த கொழுப்பமிலங்கள்: 4-மெத்தில் ஆக்டனாயிக், 4-எத்தில் ஆக்டனாயிக். பருவத்துக்கு வந்த கிடாவில் இவை ஏறும், காயடித்தால் குறையும். அதுவரை அக்கா பக்கம். ஆனால் பச்சை மேய்ச்சலில் வயிற்றில் புரதம் சிதைந்து ஸ்கடோல் என்ற நாற்றப்பொருள் உண்டாகி, கொழுப்பில் தங்குகிறது. மேய்ந்த ஆட்டின் வாடையில் அதற்கும் பங்கு உண்டு. தானியம் கொடுத்தால் வாடையே இராது என்றும் நினைக்காதீர்கள். செம்மறிக்குத் தானியம் மிதமிஞ்சினால் கிளைக் கொழுப்பமிலங்கள் கூடும், கொழுப்பும் இளகும். தம்பி, அடுத்த முறை உலர்தழையைக் குறைக்காதீர்கள். தீவனத்தைச் சில வாரங்களில் மெல்ல மாற்றுங்கள். ஒரே நாளில் சோளத்துக்குத் தாவினால் வயிறு புளித்து ஆடு செத்தே போகும். அறுக்கும் முன் தண்ணீர் வையுங்கள், வெயிலில் விரட்டாதீர்கள். மிரண்டு களைத்த ஆட்டின் தசையில் சேமித்த சர்க்கரை தீர்ந்துவிடும்; கறி கறுத்துப் பிசுபிசுக்கும், சீக்கிரம் கெடும். சந்தையிலிருந்து வந்த அன்றே கத்தி வைக்காதீர்கள்.

வண்டிப்பெரியாறு மகள்:
இத்தனை யோசனையை யாரும் கேட்கவில்லை, அண்ணா. அவர் தன் ஆத்தா சொன்னதைச் சொன்னார். எங்கள் அப்பா மாட்டிறைச்சிக் கடை வைத்திருந்தார். ஒரு ஞாயிறு, எஸ்டேட் புல்லையே மேய்ந்து வளர்ந்த கிழப்பசுவின் கறி. கொழுப்பு நல்ல மஞ்சள். ஓர் அம்மா பொட்டலத்தைப் பலகையில் வீசி, "காமாலை பிடித்த மாட்டையா விற்கிறாய்?" என்று கத்தினார். வரிசை கலைந்துபோயிற்று. அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பச்சைப் புல்லின் பீட்டா கரோட்டின் பசுவின் கொழுப்பில் தங்கும் என்றும், எருமையும் ஆடும் அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிவிடுவதால் அவற்றின் கொழுப்பு வெள்ளையாக இருக்கும் என்றும் கல்லூரிக்குப் போன பிறகுதான் படித்தேன். மேய்ந்த மாட்டின் கறியில் ஒமேகா-3 கொழுப்பும் கூடுதல். அதை அப்பாவிடம் சொல்ல அவர் இல்லை.

வேலந்தாவளத்தான்:
அக்கா, இரண்டுக்கும் ஒரே நாளில், மூன்றாம் மாதமே காயடித்தாயிற்று. மாறியது தீனியும் நடையும் மட்டும்தான். கொட்டில் ஆட்டின் எலும்பில் ஒட்டிய கொழுப்பை ஆத்தா இரண்டு விரலில் தேய்த்துத் தேய்த்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவின் சட்டியிலிருந்து எடுத்து வைத்ததை அவள் முகரவில்லை, தின்றாள்.