புதன்கிழமை வராத பிள்ளை: முன்பள்ளிச் சாப்பாட்டு விதி நியாயமா?

மட்டக்குளி டீச்சர்:

கொழும்பு மட்டக்குளியில் ஒரு சின்ன முன்பள்ளி நடத்துகிறேன். 22 பிள்ளைகள், மூன்றரை வயது முதல் ஐந்து வரை. சாப்பாட்டுக்கு ஓர் அட்டவணை உண்டு. திங்கள் கொண்டைக்கடலை அல்லது கௌபி, செவ்வாய் பழம், புதன் அவித்த முட்டை, வியாழன் இலைக்கஞ்சி, வெள்ளி வீட்டில் சமைத்தது ஏதாவது. பிஸ்கட், பணிஸ், பக்கற் பால் மூன்றுக்கும் தடை. 2019இல் நானே கலர் பேனையால் எழுதி, லாமினேட் பண்ணி வாசலில் ஒட்டினேன். அப்போது எல்லாத் தாய்மாரும் நல்லது என்றுதான் சொன்னார்கள்.

போன மாதக் கடைசியில் வரவுப் பதிவேட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளையின் வரிசையில் நான்கு பூச்சியம். நான்கும் புதன்கிழமை. காய்ச்சலும் தடிமனும் இப்படி நாள் பார்த்து வருமா?

யோசித்துப் பார்த்தேன். அதற்கு முந்திய மாதம் ஒரு புதனன்று அவன் பெட்டி மூடியை நெஞ்சோடு சாய்த்து மறைத்தபடி சாப்பிட்டான். எட்டிப் பார்த்தால் சீனி தடவிய பாண், இரண்டு துண்டு. நான் ஏசவில்லை. கொப்பியில் "இன்று முட்டை நாள், கவனிக்கவும்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்பு முகமும் கீறி அனுப்பினேன். அந்தச் சிரிப்பு முகம்தான் இப்போது உறுத்துகிறது.

தகப்பனுக்கு நாட்கூலி, தாய்க்கு வத்தளையில் வீட்டு வேலை, பிள்ளைகள் மூன்று. ஒருவனுக்கு முட்டை அவித்தால் மூன்று பேருக்கும் அவிக்க வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி உணவு விலை ஒரு வருடத்துக்கு முந்தியதைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்தது. கூலி அப்படியா ஏறியது? என் வாசல் அட்டவணை மட்டும் 2019இலேயே நின்றுவிட்டது.

பெற்றோர் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். ஒருவர், "அப்படிப் பிள்ளை இருந்தால் நாங்கள் சேர்ந்து முட்டை வாங்கிக் கொடுப்போம்" என்றார். நல்ல மனம்தான். ஆனால் 21 பெட்டியில் வீட்டு முட்டை, ஒரு பெட்டியில் டீச்சர் கொடுத்த முட்டை என்றால் நாலரை வயதுக்கு அது விளங்காதா? சரி, விதியையே எடுத்துவிடலாம் என்றால், அடுத்த நாளே 22 பெட்டியிலும் கிரீம் பிஸ்கட் இருக்கும். அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேக வேண்டும் என்று சொல்ல எனக்கு எதுவரை உரிமை இருக்கிறது?

வெள்ளவத்தை அம்மா:

விதியை எடுக்காதீங்க டீச்சர். என் மகள் போகிற இடத்தில் தடையே இல்லை. 2016இல் குளிர்பானப் போத்தல்களுக்குச் சீனி அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் வந்ததே, என் மகளும் அதைப் படித்து வைத்திருக்கிறாள்: சிவப்பு என்றால் நல்லா இனிக்கும். தேடித் தேடிச் சிவப்பை எடுக்கிறாள்!

இன்னொன்று. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பிஸ்கட் போதும் என்று விட்டுவிடுவதும் எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்தப் பிள்ளைக்குத்தான் முட்டை அதிகம் தேவை.

அளுத்மாவத்தைக் கடைக்காரர்:

இதை வாசித்துவிட்டுக் கடன் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பின்னேரத்தில் ஒற்றை முட்டை கேட்டு நாலைந்து பேர் வருவார்கள். "மு 1" என்று எழுதிக்கொள்வேன். மற்ற நாளில் ஒற்றை முட்டைக்கு ஆள் குறைவு. செவ்வாயில் என்ன விசேஷம் என்று மனைவியிடம்கூடக் கேட்டிருக்கிறேன். ஏதாவது விரதமாக்கும் என்றாள். விரதத்துக்கு யாரம்மா முட்டை தின்கிறது!

உங்கள் பள்ளிப் பிள்ளைகளா, வேறு பள்ளியா தெரியாது. ஆனால் பிஸ்கட்டை மட்டும் ரொம்பத் திட்டாதீங்க. கேஸ் வேண்டாம், தேங்காய் வேண்டாம், முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டாம். காலை ஐந்தரைக்கு பஸ் பிடிக்கிற தாய் வேறு எதைப் பெட்டியில் வைப்பாள்?

ஓய்வு பெற்ற மிஸ்ஸி:

கொட்டாஞ்சேனைப் பக்கம் 28 வருடம் குடும்பநல மாதுவாக வேலை செய்தேன். டீச்சர், எல்லாப் பிள்ளைகளின் கிளினிக் கொப்பியையும் ஒரே நாளில் கொண்டுவரச் சொல்லுங்கள். அப்போது யாருக்கும் சந்தேகம் வராது. அதில் அவனுடைய நிறையைக் காட்டும் கோடு தாழ்ந்திருந்தால் தாயைக் கிளினிக்குக்கு அனுப்புங்கள். ஐந்து வயதுக்குள் என்றால் திரிபோஷா கிடைக்கும். 1973இல் தொடங்கிய திட்டம், சோளமும் சோயாவும் கலந்த மா.

அதிலும் இதே சிக்கல்தான். ஒரு பிள்ளைக்கென்று கொடுப்போம், வீட்டில் எல்லோரும் உருண்டை பிடித்துத் தின்றிருப்பார்கள். ஆரம்பத்தில் நானும் ஏசியிருக்கிறேன். ஒருநாள் ஒரு தாய் திருப்பிக் கேட்டாள்: "மிஸ்ஸி, மற்ற ரெண்டையும் வெளியில் நிறுத்திவிட்டா இவனுக்கு ஊட்டச் சொல்றீங்க?" பதில் வரவில்லை. அதற்குப் பிறகு ஏசியதும் இல்லை.

முட்டையையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். ஒரு முட்டையில் 6 கிராம் அளவு புரதம் என்றால், அவித்த கடலை அரைக் கோப்பையில் 7 கிராம் வரும். ஒரே பானையில் அவித்து எல்லோருக்கும் கொடுங்கள். ஆனால் இந்த வயதுக்குக் கடலையை முழுசாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும், நன்றாக மசித்துவிடுங்கள். கொஞ்சம் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு பிளேன்டீ கொடுக்கிற வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். தேயிலை இரும்புச்சத்தைச் சேர விடாது.

மட்டக்குளி டீச்சர்:

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன். லாமினேட் அட்டையைக் கழற்றிவிட்டேன். பிஸ்கட் தடை இருக்கிறது, வீட்டுச் சாப்பாடு எதுவானாலும் சரி, பாண் உட்பட. புதனுக்கு மட்டும் பொதுப் பானை. வாசலில் மூடி போட்ட வாளி ஒன்று. முடிந்தவர்கள் ஒரு பிடி கடலையைக் கடதாசியில் சுற்றிப் போடலாம். யார் போட்டது, யார் போடவில்லை என்று நான் பார்ப்பதில்லை.

ஒரு தாய்க்குப் பிடிக்கவில்லை. யார் வீட்டுக் கடலையோ, சுத்தமோ தெரியாது என்று மகளுக்குத் தனிப் பெட்டி கொடுத்து விடுகிறார். அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. அதுவும் அவருடைய அடுப்புத்தானே.

முதல் புதனே அவன் வந்துவிட்டான். கையில் கடதாசிச் சுருள். பிரித்தால் மைசூர்ப் பருப்பு! அதையும் சேர்த்துப் போட்டேன். பருப்பு கரைந்து பானை முழுக்கக் களியாகிவிட்டது, உப்பும் கூடிவிட்டது. பாதிப் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். நேற்று கொஞ்சம் தேறியது. மிஸ்ஸி, தேசிக்காய் எனக்கே பிடித்துவிட்டது.

கடைக்கார அண்ணா, இனிமேலும் செவ்வாய் பின்னேரத்தில் ஒற்றை முட்டைக்கு ஆள் வந்தால் எழுதுங்கள். பக்கத்தில் எந்தப் பள்ளி வாசலில் இன்னோர் அட்டவணை தொங்குகிறது என்று போய்ப் பார்க்க வேண்டும்.