சேலத்துக் கடைப் பலகை எழுத்துகளை எழுத்துருவாக்க முயல்கிறேன். உயிர் வரவில்லை, என்ன செய்யலாம்?

அம்மாப்பேட்டை வடிவமைப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். நான் சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கும் வரைகலை வடிவமைப்பாளர். ஞாயிற்றுக்கிழமைகளில், கடைகள் திறப்பதற்கு முன்பாக, மிதிவண்டியில் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார், குகைப் பகுதிகளைச் சுற்றி, பிரஷால் எழுதிய பழைய கடைப் பலகைகளைப் படம் எடுத்து வருகிறேன். ஃபிளெக்ஸ் வந்த பிறகு இவை ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

சென்ற மாதம் ஒரு ஜவுளிக் கடையின் பின்புறம், சாக்கடை ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த தகரப் பலகை ஒன்றைக் கடைக்காரரிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். நீல நிறத்தின் மேல் மஞ்சள் எழுத்து, இடப்பக்கம் சிவப்பு நிழல். ‘சேலை’ என்ற சொல்லின் ‘லை’ இன்றைய வடிவில் இல்லை. யானை துதிக்கையை முன்னால் சுருட்டி நிற்பது போன்ற பழைய வடிவில் இருக்கிறது. பெயிண்ட் உதிர்ந்த இடங்களில் அடியில் பூசிய ரெட் ஆக்சைடு தெரிகிறது. அந்த ஒரு எழுத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் படங்களைக் கணினியில் அச்சு ஒற்றி எழுத்துருவாக்க முயல்கிறேன். தனித்தனியாகப் பார்க்கும்போது எழுத்துகள் நன்றாக இருக்கின்றன. சொல்லாகச் சேர்த்தால் விறைத்துப் போகின்றன. தவறு எங்கே இருக்கிறது? பழைய வடிவங்களை என்ன செய்வது? எழுதியவர்களிடம் அனுமதி பெற வேண்டுமா?

சூரமங்கலம் பெயின்டர்:

வணக்கம் அம்மா. நாற்பது ஆண்டுகளாகப் பலகையும் சுவரும் எழுதி வருகிறேன். நீங்கள் கேட்டதைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒருவர் கடைப் பெயரைச் சொன்னால் நான் முதலில் எழுத்தை நினைப்பதில்லை, பலகையின் நீளத்தைத்தான் அளப்பேன். ‘வெள்ளிக் கொலுசு’ என்று மேல் வரியும் ‘மொத்த வியாபாரம்’ என்று கீழ் வரியும் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாக்பீஸ் தூள் தடவிய நூலை அடித்துக் கோடு போட்ட உடனேயே சிக்கல் தெரிந்துவிடும். மேல் வரியின் கடைசியில் ‘சு’வின் கால் கீழே இறங்குகிற இடத்திலேயே, கீழ் வரியின் கடைசி ‘ம்’மின் புள்ளி மேலே ஏறி வருகிறது. இரண்டும் முட்டக் கூடாது என்பதற்காகச் ‘சு’வின் காலைச் சற்றுக் குட்டையாக்கி, புள்ளியை ஒரு விரல் அளவு இடப்பக்கம் நகர்த்துவேன். நீங்கள் அந்தப் பலகையைப் படம் எடுத்து அந்தக் குட்டைச் ‘சு’வை வேறு சொல்லில் கொண்டுபோய் வைத்தால், அது காரணமில்லாமல் காலை மடக்கிக்கொண்டு நிற்கும். விறைப்பு என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, படத்தில் விளிம்பு மட்டும்தான் தெரியும். கை போன வழி தெரியாது. தட்டைப் பிரஷின் அகலம் முழுவதும் படும்படி இழுத்தால் கனத்த கோடு, அதே பிரஷை விளிம்பில் திருப்பினால் மெல்லிய கோடு. எந்த இடத்தில் திருப்புகிறோம், எங்கே பிரஷை எடுத்து மறுபடி வைக்கிறோம் என்பதில்தான் எழுத்தின் சதை இருக்கிறது. எனாமலில் டர்பன்டைன் குறைந்தால் பிரஷ் இழுக்கும், கூடினால் வழியும். அதற்கேற்பவும் கையின் வேகம் மாறும். ஆகவே எங்களில் ஒருவரை உட்கார வைத்து, பழுப்புத் தாளில் ஒரே எழுத்தைப் பத்து முறை எழுதச் சொல்லி, பக்கத்தில் இருந்து பாருங்கள்.

பழைய ‘லை’யை வைத்துப் பலகையின் வயதைக் கணக்கிட்டுவிடாதீர்கள். 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்த பிறகுதான் நான் தொழில் பழகினேன். ஆனால் என் குருநாதர் கடைசி வரை துதிக்கை வைத்தே எழுதினார். பழைய பலகையில் இருந்தபடியே போடுங்கள், அதுதான் கடையின் ராசி என்று கேட்ட முதலாளிகளும் உண்டு.

எழுத்துருப் பொறியாளர்:

மேலே ஐயா சொன்னதற்குத் தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். பல பலகைகளிலிருந்து எழுத்துகளைப் பொறுக்காமல், ஒரே ஒருவரின் கையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 247 எழுத்துகளையும் வரைய வேண்டியதில்லை. உயிர் 12, ஆய்தம், அகரமேறிய மெய் 18, கொம்பு, துணைக்கால், புள்ளி முதலிய குறிகள், இவற்றோடு தனித்தனி வடிவம் கொண்ட உகர, ஊகார எழுத்துகள் 36, ‘டி’, ‘டீ’ ஆகியவை இருந்தால் அடிப்படை எழுத்துரு அமைந்துவிடும். கிரந்த எழுத்துகளைப் பிறகு சேர்க்கலாம். மேல்விலங்கு (‘கி’, ‘கீ’ ஆகியவற்றில் மேலே வளையும் குறி) ஒவ்வொரு மெய்யோடும் வெவ்வேறு விதமாக இணைவதால் இகர, ஈகார வரிசைகளையும் தனியாக வரைந்தால் பிரஷின் ஓட்டம் கெடாது.

சீர்திருத்தத்தில் மாறியவை ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகள். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஒருங்குறியில் (யூனிகோடு) பழைய வடிவங்களுக்குத் தனி இடம் இல்லை. அவை அதே எழுத்தின் வேறு தோற்றமாகவே கொள்ளப்படுகின்றன. எனவே அவற்றை மாற்று வடிவங்களாக எழுத்துருவுக்குள் வையுங்கள். துதிக்கையோடு தெரிந்தாலும், தேடும்போது ‘சேலை’ சேலையாகவே கிடைக்கும். குட்டைக் கால் ‘சு’வுக்கும் இதே வழிதான்.

அனுமதியைப் பொறுத்தவரை, கலைப் படைப்புகளுக்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. எழுதுபவரிடம் முன்னதாகவே எழுத்து வடிவில் ஒப்புதல் பெறுங்கள். எழுத்துருவின் உள்ளே அவர் பெயரைப் பதியுங்கள். அவருடைய நாள் கூலியையும் கொடுங்கள். இலவசமாக வெளியிட எண்ணினால் அதையும் அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை:

எங்கள் பட்டறைக் கதவுக்கு மேல் அப்பா காலத்துப் பலகை இன்னும் இருக்கிறது. ‘பட்டறை’யில் ‘ப’ மட்டும் மழை பட்டு அழிந்துவிட்டது. ஃபிளெக்ஸ் போடலாம் என்று இருந்தோம். இதைப் படித்த பிறகு அந்த ஓர் எழுத்தை மட்டும் மீண்டும் எழுதினால் போதும் என்று தோன்றுகிறது. பெயின்டர் ஐயா வருவாரா?

அம்மாப்பேட்டை வடிவமைப்பாளர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இதுவரை ஒற்றி எடுத்த கோப்புகளை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டேன். ஐயா, வரும் ஞாயிறு நீங்கள் பட்டறைக்கு வருவதாக இருந்தால், ‘ப’ எழுதும்போது நான் பக்கத்தில் நின்று பார்க்கலாமா? பழுப்புத் தாள் சுருளும் அரை லிட்டர் எனாமலும் நான் வாங்கி வருகிறேன். எத்தனை அங்குல பிரஷ் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

சூரமங்கலம் பெயின்டர்:

தாராளமாக வாருங்கள் அம்மா. பிரஷ் வாங்க வேண்டாம், என்னுடையது இருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன்பு, ஏழு மணிக்குத் தொடங்கிவிடுவோம்.