மாதக் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கிறது?

ஒரு வருடமாக எங்கள் வீட்டில் இது ஒன்றுதான் பேச்சு. வெளிநாட்டு வேலைக்குப் போகலாமா, வேண்டாமா?

நான் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். காலை ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் ஏழு மணிப் பணிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டும்போதுதான் பொழுது விடியும். எட்டு வருட அனுபவத்துக்கு மாதச் சம்பளம் 19,500 ரூபாய். கணவர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். மகள் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடன், அத்தையின் சர்க்கரை மருந்து எல்லாம் போனால், இருபதாம் தேதிக்கு மேல் அடகுக் கடை நினைப்பு வந்துவிடும்.

என்னோடு நர்சிங் படித்தவர்களில் பாதிப் பேர் இன்று வெளிநாட்டில். அவர்களிடம் "அங்கே எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது, நீயும் வந்துவிடு" என்பார்கள். இரண்டு பேர் மட்டும் "வராதே, ஊரிலேயே நிம்மதியாக இரு" என்றார்கள். ஆனால் அப்படிச் சொன்னவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன முடிவெடுக்க முடியும்?

முதலில் நான் ஓர் ஏஜென்சிக்குப் போனேன். அது தவறு. 2025 தொடக்கம் அது. "நர்ஸாகப் போவதற்கு ஆங்கிலத் தேர்வெல்லாம் எழுத வேண்டும், காலம் பிடிக்கும். முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் விசாவில் இங்கிலாந்துக்குப் போய்விடுங்கள். போன பிறகு நர்ஸாக மாறிக்கொள்ளலாம். கணவரும் குழந்தையும் மூன்றே மாதத்தில் வந்துவிடலாம்" என்றார்கள். மொத்தம் பதினான்கு லட்சம், முன்பணம் இரண்டு லட்சம். அன்று இரவு தாலிச் சங்கிலி தவிர மற்ற நகைகளை எல்லாம் கட்டிலில் பரப்பி, அவரும் நானும் கணக்குப் போட்டோம். படுக்கப் போகும் முன் ஏதோ தோன்றி, அங்கே இருக்கும் என் வகுப்புத் தோழிக்கு ஒரு செய்தி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவளே அழைத்தாள். பராமரிப்பாளர் விசாவில் போகிறவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது, 2024 மார்ச் 11 முதல் அதுதான் விதி என்றாள். வேலைக்கான ஸ்பான்சர் சான்றிதழைக் காசுக்கு விற்பதே அந்த நாட்டில் விதிமீறல் என்றாள். 2025 ஜூலை 22 முதல், வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளர்களை எடுப்பதையே அவர்கள் நிறுத்திவிட்டார்கள். முன்பணம் கட்டியிருந்தால் எங்கள் நிலை என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

அதற்குப் பிறகுதான் விற்பதற்கு ஒன்றும் இல்லாதவர்களைத் தேடிப் போனேன். கேள்வியையும் மாற்றினேன். எப்படி இருக்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டேன். மாதக் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கிறது? எந்த நாளில் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்று துடித்தீர்கள்? போகும் முன் யாராவது சொல்லியிருக்கலாமே என்று இப்போது எதை நினைக்கிறீர்கள்?

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் சிங்கப்பூரில் பன்னிரண்டு வருடம் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்தவர். இப்போது வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அவர் வீட்டில் வைத்துக் கேட்டபோது அண்ணி காபி கொண்டுவந்தார், அவர் சிங்கப்பூரின் சுத்தத்தைப் பற்றிச் சொன்னார். ஒரு ஞாயிறு மாலை தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். பிள்ளைகள் மணலில் விளையாட, அண்ணியும் நானும் அருகே உட்கார்ந்திருந்தபோது, அந்த இரண்டாவது கேள்வியை அண்ணனிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "தானே புயல்" என்றார்.

2010இல் போயிருக்கிறார். ஏஜென்டுக்கு மூன்றேகால் லட்சம். பண்ருட்டிப் பக்கம் இருந்த அப்பாவின் முந்திரித் தோப்பை வைத்து வாங்கிய கடன் அது. அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 18 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். ஓவர்டைம் இருந்தால்தான் மாதம் எழுநூறு வெள்ளியைத் தாண்டும். நான்கே வருடம், கடனை அடைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே புயல் கரையைக் கடந்ததை அவர் அங்கே விடுதித் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். ஊரில் மின்சாரம் இல்லை, எந்தப் போனும் எடுக்கவில்லை. ஆறாவது நாள் யாருடைய போனிலிருந்தோ அப்பாவின் குரல் வந்திருக்கிறது. "நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்டா. தோப்பில்தான் ஒரு மரம் நிற்கவில்லை."

"அன்றைக்குத்தான் ஓடி வந்துவிட வேண்டும் என்று இருந்தது. இனிமேல் வரவே முடியாது என்று புரிந்ததும் அன்றைக்குத்தான்" என்றார் அண்ணன். கடனைத் தோப்பு அடைக்கும் என்று இருந்தது போய், தோப்பையும் அவர் சம்பளமே எழுப்ப வேண்டியதாகிவிட்டது. முந்திரிக் கன்று வைத்துக் காய்ப்புக்கு வர வருடங்கள் ஆகும். நான்கு, பன்னிரண்டு ஆனது.

மறுநாள் பட்டறையில் என் கணவரிடம் ஒரு கையகல நோட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். ஒவ்வொரு மாதமும் எழுதியது. வியர்வை பட்டுச் சில பக்கங்களில் மை ஊறிப்போயிருந்தது. அப்பா, வட்டி, தங்கை என்று பத்திகள். கடைசிப் பத்தியில் சொந்தச் செலவு: பெரும்பாலும் 60, 70 வெள்ளி. ஒரு மாதத்தில் மட்டும் 94 வெள்ளி, பக்கத்திலேயே காரணம் எழுதியிருக்கிறார்: "செருப்பு 8, தேக்காவில் பிரியாணி, பல் டாக்டர்". யாருக்குக் கணக்குக் காட்ட அந்தப் பிரியாணியை எழுதினாரோ தெரியவில்லை. வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனதற்காக வருந்துகிறீர்களா என்று பிறகு ஒருநாள் கேட்டேன். இல்லை என்றார். தங்கை கல்யாணம், இந்தப் பட்டறை, எதுவும் இங்கேயே இருந்திருந்தால் நடந்திருக்காது என்றார். "நான்கு வருடம் என்று எண்ணாதே, திரும்பும் தேதி உன் கையில் இருக்காது என்று யாராவது சொல்லியிருந்தால் என் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருக்க மாட்டேன். அது ஒன்றுதான்."

அடுத்து எங்கள் வார்டு இன்சார்ஜ் அக்கா. சவூதியில் ஆறு வருடம் இருந்தவர். இரவுப் பணியில் மூன்று மணிக்கு வார்டு அடங்கியிருக்கும்போது, டீயை ஊற்றிக்கொண்டே சொன்னார். கேட்பதற்கு முன் நான் எதிர்பார்த்தது வேறு. அழுதிருப்பார், ஏங்கியிருப்பார் என்று நினைத்தேன். அவர் சொன்னது: "என் வாழ்க்கையில் நிம்மதியாகத் தூங்கிய வருடங்கள் அவை. பன்னிரண்டு மணி நேர வேலைதான். ஆனால் அறைக்கு வந்தால் சாவி என் கையில். யாருக்கும் சமைக்க வேண்டாம், யாரும் ஏன் தாமதம் என்று கேட்க மாட்டார்கள். இதை ஊரில் யாரிடம் சொல்ல முடியும்? குழந்தையை விட்டுவிட்டு அங்கே நிம்மதியாக இருந்தாள் என்பார்கள்." இத்தனை வருடம் ஒரே வார்டில் வேலை பார்க்கிறோம், இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பெண்கள் போவதைப் பற்றி ஊரில் எவ்வளவோ பேசுகிறார்கள். இப்படி ஒரு பதில் அதில் எங்குமே இல்லை.

அக்காவின் வருத்தம் பணத்தில். மாதாமாதம் அனுப்பியதெல்லாம் தம்பி கணக்குக்குப் போனது. வில்லியனூர் பக்கம் வாங்கிய மனை தம்பி பெயரில் பதிவானது. இன்று அந்த மனையில் தம்பி வீடு நிற்கிறது. அக்காவும் தம்பியும் பேசுவதில்லை. "போனதும் முதல் வேலையாக உன் பெயரில் என்.ஆர்.இ. கணக்கு, அதாவது வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு, தொடங்கு. வீட்டுக்கு வேண்டியதை அதிலிருந்து அனுப்பு" என்றார். வளைகுடா நாடுகளுக்கு நர்ஸ்கள் போவதென்றால் அரசு அனுமதித்த வழியில்தான் போக வேண்டும் என்பதையும் அவர்தான் விளக்கினார். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. பதிவு பெற்ற தனியார் ஏஜென்ட் என்றாலும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது. ஏஜென்டின் பதிவு எண் உண்மையா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அண்ணன் கொடுத்த மூன்றேகால் லட்சம் நினைவுக்கு வந்தது.

மூன்றாமவரிடம் நான் கேட்கப் போகவில்லை. தொடை எலும்பு முறிந்து எங்கள் வார்டுக்கு வந்த எண்பத்தைந்து வயதுப் பெரியவர் அவர். புதுச்சேரியில் சொல்தா என்று சொல்வோமே, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 1962 ஆகஸ்ட் 16இல் பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே இருந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இவர் எழுதிக் கொடுத்தார், இவருடைய அண்ணன் கொடுக்கவில்லை. ஒரே வீடு, ஒரே திண்ணை. இன்று இவர் பிள்ளைகள் பாரிஸுக்குப் பக்கத்தில் சார்செல்லில். அண்ணன் வம்சம் முத்தியால்பேட்டையில்.

அறுவை சிகிச்சைக்குச் செலவு செய்வதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, பென்ஷன் யூரோவில் வருகிறது. தினமும் இரவு ஏழு மணிக்கு அண்ணனின் பேரன் தூக்குவாளியோடு வருவான். அதே நேரத்துக்குச் சார்செல்லிலிருந்து அவருடைய சொந்தப் பேரன் போனில் வருவான். இருவரும் பிரெஞ்சில் பேசிக்கொள்வார்கள். எனக்கு ஒன்றும் புரியாது. ஆனால் முடிக்கும்போது பெரியவர் ஒவ்வொரு நாளும் "சாப்பிட்டியா கண்ணு?" என்று தமிழில் கேட்பார். அந்தப் பக்கம் ஒரு கணம் அமைதியாகும். பிறகு "உய் (ஆமாம்), தாத்தா" என்று குரல் வரும்.

"பணம் அங்கிருந்து வருகிறது, இட்லி இங்கிருந்து வருகிறது" என்றார் ஒருநாள் என்னிடம். எனக்கு ஒரு மகள் இருப்பதையும் நாங்கள் யோசித்துக்கொண்டிருப்பதையும் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "நீ போகலாம் அம்மா. உனக்குப் பிடிக்காவிட்டால் திரும்பி வரவும் செய்யலாம். உன் மகளுக்குப் பதினைந்து வயதான பிறகு நீ திரும்பினால் அவளுக்கு அது திரும்புவது இல்லை. வேறு நாட்டுக்குப் போவது. அதற்கு முன்னால் முடிவு செய்துகொள்" என்றார். நான் இதுவரை கேட்ட அறிவுரைகளில் தேதி போட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

கடைசியாக மறுபடி என் தோழி. ஏஜென்சி விஷயத்தில் காப்பாற்றியவள். மாதக் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டதும் சிரித்தாள். பிறகு சம்பளச் சீட்டையே படம் எடுத்து அனுப்பினாள். 2025-26இல் பேண்ட் 5, அதாவது அங்குள்ள அரசு மருத்துவச் சேவையில் நர்ஸ்கள் சேரும் ஊதிய நிலையில், தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 31,049 பவுண்டு. வரி, தேசியக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் போக அவள் கைக்கு மாதம் 1,980 சொச்சம். வடக்கு இங்கிலாந்தில் சிறிய ஊர் என்பதால் வாடகை 850. கவுன்சில் வரி 140, மின்சாரமும் எரிவாயுவும் 160, சாப்பாடு 300, பஸ்ஸும் போனும் 120. நானூறு பவுண்டு அளவில் நிற்கிறது. நம் பணத்தில் நாற்பத்தைந்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். அவள் கணவர் சம்பளமும் சேர்ந்தால்தான் சேமிப்பு என்று சொல்ல முடியும். அவர் இங்கே டிப்ளமோ முடித்து மேற்பார்வையாளராக இருந்தவர், அங்கே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். "அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை" என்றாள்.

பிறகு அவளாகவே சொன்னாள். பணி காலை ஏழரைக்குத் தொடங்கி இரவு எட்டு மணிக்கு முடிகிறது. பள்ளி மூன்றேகாலுக்கு விட்டுவிடுகிறது. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். அவளுக்குப் பகல் என்றால் அவருக்கு இரவு என்று இருவரும் மாற்றி மாற்றி வேலையை அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே வீட்டில் இருந்தும் வாரத்தில் இரண்டு இரவுதான் மூவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். நிரந்தரமாகத் தங்கும் உரிமை ஐந்து வருடத்தில் கிடைக்கும் என்று நம்பிப் போனவள் அவள். அதைப் பொதுவாகப் பத்து வருடமாக்கும் திட்டத்தை அந்நாட்டு அரசு 2025 மே மாதம் வெளியிட்டது. "வராதே என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் வந்ததெல்லாம் உனக்குத் தெரிந்து வா" என்றாள்.

அத்தையிடமும் கேட்டேன். கேட்கவில்லை என்றால் தவறு. அரிசி புடைத்துக்கொண்டே, "என்னை நினைத்து நிற்க வேண்டாம். என் மருந்துக்காகப் போகவும் வேண்டாம்" என்றார். கணவர் முற்றத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்று இரவு அவர் முதல் முறையாக, பெட்டி அடுக்கும் வேலை என்றாலும் தனக்குச் சம்மதம் என்றார். அது முழு மனதோடு சொன்னதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இன்னொரு தரம் கேட்பேன்.

இப்போது இருக்கும் நிலை இது. ஏஜென்சி வழியே போவதில்லை. நகையை வைத்துப் போவதில்லை. குழந்தையை விட்டுவிட்டுப் போவதில்லை. போனால் நர்ஸாகப் பதிவு செய்துகொண்டு, மூவருமாகப் போவது. மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யை ஒருமுறை எழுதிவிட்டேன். பேசுதல், கேட்டல், வாசித்தல் மூன்றிலும் பி வந்தது. எழுத்தில் சி பிளஸ் வேண்டும், அதில் நழுவிவிட்டது. நோயாளியை இன்னொரு இடத்துக்கு அனுப்பும்போது எழுதும் கடிதம்தான் அதில் கேட்பது. தினமும் பஸ்ஸில் கிருமாம்பாக்கம் வரும்வரை ஒரு கடிதம் எழுதிப் பழகுகிறேன்.

மகளோடு போன நர்ஸ்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். முதல் ஆறு மாதத்தில், உங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் பணி வந்த நாட்களில், பள்ளி விட்ட மூன்றேகால் மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை குழந்தையை யாரிடம் விட்டீர்கள்? அதற்கு மாதம் எவ்வளவு கொடுத்தீர்கள்? அந்த ஒரு வரி மட்டும் எங்கள் கணக்கில் இன்னும் காலியாக இருக்கிறது.