புளியங்கொட்டைப் போக்கர்: கணக்கா, முகமா?

பரோட்டாக்கடன்
ஞாயிறு மாலைகளில் அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் ஆறு பேர் போக்கர் ஆடுகிறோம். டெக்சஸ் ஹோல்டெம் முறை: கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. காசு கிடையாது, ஆளுக்கு 200 புளியங்கொட்டை. இரவு முடியும்போது யாரிடம் குறைவாக இருக்கிறதோ அவர் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தர வேண்டும். எட்டு வாரத்தில் ஆறு வாரம் நான்தான். கடைக்காரர் என்னைக் கண்டதும் கேட்காமலே பன்னிரண்டு கட்டிவிடுகிறார்.

போன வார ஆட்டம் இது. என் கையில் ஹார்ட்டின் ஏஸ், ஹார்ட்டின் 9. நடுவில் முதலில் விழுந்த மூன்று: ஹார்ட்டின் ராஜா, ஹார்ட்டின் 7, கிளாவர் 2. இன்னொரு ஹார்ட்டின் விழுந்தால் ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு. நானும் அண்ணனும் மட்டும் மிஞ்சியிருந்தோம். நான்காவது சீட்டு இஸ்பேட் 4. அப்போது நடுவில் 60 கொட்டை இருந்தது. அண்ணன் இன்னொரு 60 வைத்தார், அவரிடம் மீதி 50. நானும் 60 போட்டேன். கடைசிச் சீட்டு டைமண்ட் ஜாக். அவர் மீதி 50ஐயும் தள்ளினார், நான் மடித்தேன், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகினேன். ராஜாவையும் பத்தையும் காட்டிவிட்டுப் போனார். அந்த 60ஐ நான் போட்டது தவறா?

கணக்குப்பிள்ளை
தவறு. பார்த்த சீட்டு ஆறு, பார்க்காதவை 46. அதில் உங்களுக்கு வேண்டிய ஹார்ட்டின் இனச் சீட்டுகள் ஒன்பதுதான். ஐந்தில் ஒரு முறைகூட முழுதாக வராது. நீங்கள் கொடுத்த விலையோ 60 போட்டு 120ஐப் பிடிக்க, அதாவது மூன்றில் ஒரு முறையாவது வந்தால்தான் கட்டுப்படியாகும். ஐந்து ரூபாய்ப் பொருளை எட்டு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். மடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் பிறகு. நல்ல சீட்டு வரும்வரை கொட்டையைத் தொடாதீர்கள்.

முகராசி
கணக்குப்பிள்ளை ஐயா, எதிரில் இருப்பது சொந்த அண்ணன், அதை மறந்துவிட்டீர்கள். முப்பது வருடம் பார்த்த முகம். பயம் வந்தால் என்ன செய்வார், சந்தோஷம் வந்தால் என்ன செய்வார் என்பது தம்பிக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? தவறு நான்காவது சீட்டில் நடக்கவில்லை. முதல் மூன்று விழுந்தபோதே பந்தயத்தை ஏற்றியிருக்க வேண்டும். வெறும் ராஜா ஜோடியை வைத்துக்கொண்டு அவர் யோசித்திருப்பார். மடித்தால் லாபம், மடிக்காவிட்டால் இன்னும் இரண்டு சீட்டு பாக்கி.

2003 போக்கர் உலகத் தொடரில் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் வாங்கினார். கடைசிக் கட்டத்தில் கையில் ஒரு ஜோடிகூட இல்லாமல் மொத்தப் பந்தயச் சில்லையும் தள்ளினார். எதிரே ஆடிய சாமி ஃபார்ஹாவிடம் ஒன்பதாம் எண் சீட்டில் ஒரு ஜோடி இருந்தது. அவர் மடித்தார். இதற்கு எந்தக் கணக்கு?

கணக்குப்பிள்ளை
ஒரே ஒரு கையை எடுத்துக்கொண்டு ஒரு வழிமுறையே சரி என்பதா? நானும் ஒன்று சொல்கிறேன். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் லிப்ரேட்டஸ் என்ற கணினி நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 ஆட்டம் ஆடி 17 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள சில்லுகளை வென்றது. அதற்குக் கண்ணே கிடையாது. யார் முகத்தையும் அது பார்க்கவில்லை. ப்ளஃபும் செய்தது, அதாவது நல்ல சீட்டு இல்லாமலே பந்தயம் ஏற்றி மிரட்டியது, அதுவும் எத்தனை முறைக்கு ஒரு முறை என்ற கணக்கோடு.

முகராசி
கணினிக்கு முகம் இல்லை, சரி. தம்பிக்கு இருக்கிறதே! தம்பி முகத்தைப் பார்த்தே அண்ணன் 60 வைத்திருப்பார்.

பழைய ரம்மிக்கை
இரண்டு பேரும் ஒரு நிமிடம் பொறுங்கள். கணக்குப்பிள்ளையின் கணக்கிலேயே ஓட்டை. அண்ணனிடம் இருந்தது ராஜா ஜோடிதான். அப்படியானால் ஹார்ட்டின் மட்டுமா ஜெயிக்கும்? மீதி மூன்று ஏஸும் ஜெயிக்கும். 9 அல்ல, 12 சீட்டு. தோற்பது 34 சீட்டில். 12 முறை 120ஓடு அண்ணனின் கடைசி 50ஐயும் சேர்த்து 170 பிடிக்கிறார், 34 முறை 60 விடுகிறார். பெருக்கிப் பாருங்கள்: அந்தப் பக்கம் 2,040, இந்தப் பக்கமும் 2,040. லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

கணக்குப்பிள்ளை
பெருக்கல் சரிதான், ஏஸை நான் விட்டுவிட்டேன். ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனை. அண்ணனிடம் ராஜா ஜோடிக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. ராஜாவோடு ஏழு இருந்திருந்தால் ஏஸ் வந்தும் தோல்விதான். அடுத்தது, ஏஸோ மூன்றாவது ஹார்ட்டினோ விழுந்த பிறகும் அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த 50ஐக் கொடுக்க வேண்டும். நடுவில் மூன்று ஹார்ட்டின் சிவப்பாகக் கிடக்கும்போது கொடுப்பாரா?

பரோட்டாக்கடன்
கொடுப்பார். அண்ணன் எதையும் மடிக்க மாட்டார். மடித்தால் அண்ணி சிரிப்பார்.

பழைய ரம்மிக்கை
இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! மடிக்காத ஆளிடம் ஏற்றி மிரட்டச் சொன்ன முகராசியின் யோசனை பாதி போய்விட்டது. அப்படிப்பட்டவரிடம் ப்ளஃப் செய்வது சுவரோடு பேரம் பேசுவது போல. நல்ல சீட்டு வந்தால் நிறைய வையுங்கள், வராவிட்டால் சும்மா இருங்கள்.

அதற்காக நல்ல சீட்டுக்கே தவம் கிடக்கவும் வேண்டாம். இரண்டு சீட்டு 1,326 விதமாக வரலாம். ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ராணி ஜோடி, ஏஸும் ராஜாவும், எல்லாம் சேர்ந்தே 34 விதம்தான். மணிக்கு 20 ஆட்டம் என்று நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு முறை வரும். ஆறு பேர் சுற்றில் முறை வரும்போது சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் 2 கொட்டையும் 4 கொட்டையும் சேர்ந்து அதற்குள் 80 கொட்டையைத் தின்றுவிடும். கணக்குப்பிள்ளை சொன்னபடி காத்திருந்தால் அசையாமலே பரோட்டா வாங்கலாம்.

கணக்குப்பிள்ளை
'நல்ல சீட்டு' என்றால் அந்த 34 மட்டும் என்று நான் சொல்லவில்லையே, ஐயா. உட்காரும் இடத்தைப் பொறுத்தது அது. எல்லோருக்கும் முன்னால் பேச வேண்டிய இடத்தில் ஏஸ்-9ஐக்கூட மடிப்பேன். கடைசியாகப் பேசும் இடத்தில், முன்னால் எல்லோரும் மடித்திருந்தால், 8ம் 7ம் ஒரே இனமாக வந்தாலே ஏற்றுவேன். பரோட்டாக்கடன், அன்று நீங்கள் அண்ணனுக்கு முன்னால் பேசினீர்களா, பின்னாலா?

பரோட்டாக்கடன்
அதைக் கவனித்ததே இல்லை. நான் எப்போதும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்காருவேன், காற்று வரும்.

பழைய ரம்மிக்கை
காற்றுக்காக உட்கார்ந்த இடமா! சீட்டுப் போடும் முறை சுற்றி வருவதால் எல்லோருக்கும் எல்லா இடமும் வரும் என்பது உண்மைதான். ஆனால் மடிக்காத அண்ணன் உங்களுக்கு வலப்பக்கம் இருந்தால் பெரும்பாலான ஆட்டங்களில் அவர் வைத்த பிறகு நீங்கள் பேசலாம். தொட்டியை விடுங்கள், அவருக்கு இடப்பக்கம் போய் உட்காருங்கள்.

ரம்மியிலிருந்து வருபவர்கள் செய்யும் தவறும் இதில் தெரிகிறது. ரம்மியில் முதலிலேயே ஸ்கூட் அடித்தால் 20 புள்ளி, நடுவில் அடித்தால் 40. விலகுவதற்கே அபராதம் கட்டிப் பழகிய கை நமக்கு. இங்கே கட்டாயப் பந்தயம் நம் முறை இல்லாதபோது முதலில் மடித்தால் ஒரு கொட்டையும் போகாது. அது மனத்தில் ஏற எனக்கு ஒரு வருடம் ஆனது.

வழிப்போக்கன்
இவ்வளவு தெரிந்தவர்கள் கைபேசியில் பணம் வைத்து ஆடலாமே? சென்னை உயர் நீதிமன்றமே 2023இல் போக்கரைத் திறமை ஆட்டம் என்று சொல்லிவிட்டதே.

கணக்குப்பிள்ளை
2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமை ஆட்டமா இல்லையா என்றே பார்ப்பதில்லை. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவானாலும் தடை. எங்களைப் புளியங்கொட்டையோடு விட்டுவிடுங்கள்.

முகராசி
நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. 'அண்ணன் மடிக்க மாட்டார், மடித்தால் அண்ணி சிரிப்பார்' என்பது எந்தப் பெருக்கலில் வந்தது? ஆளைப் படித்ததால்தானே வந்தது? அந்த 170இல் 50, நான் சொன்ன முகத்திலிருந்து வந்த 50.

கணக்குப்பிள்ளை
அந்த 50ஐ உங்களுக்கே எழுதி வைக்கிறேன். மீதி 120 என்னுடையது.

பரோட்டாக்கடன்
நேற்றைய செய்தி. அண்ணனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன், புழுக்கம் தாங்கவில்லை. முதல் ஒரு மணி நேரம் இரண்டே ஆட்டத்தில்தான் கொட்டை போட்டேன். பிறகு ராணி ஜோடி வந்தது. அண்ணன் 20 வைத்தார், நான் 60 ஆக்கினேன். சுற்றி இருந்த எல்லோரும் மடித்தார்கள். அண்ணன் சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, வாழ்நாளில் முதல் முறையாக மடித்தார்! "நீ போட்டால் ஏஸ்தான் இருக்கும்" என்றார். அண்ணி சிரிக்கவும் இல்லை. இரவு முடிவில் என்னிடம் 190 கொட்டை. பரோட்டா பக்கத்து வீட்டு மாமா வாங்கினார். ஆனால் நல்ல சீட்டு வந்தும் யாரும் கொட்டை தராவிட்டால் என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை
அண்ணனே மடிக்கத் தொடங்கிவிட்டாரா? அப்படியானால் அடுத்த வாரம் கடைசி இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஏழும் இரண்டும் போன்ற மோசமான சீட்டு வந்தாலும் ஒருமுறை 60 ஆக்கிப் பாருங்கள்.

முகராசி
ஏழும் இரண்டுமா? ஐயா, அந்த வரியை அழித்துவிடாதீர்கள், நான் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.