பொருள்: ஆல்கலினிட்டிக்குக் ‘காரத்தன்மை’ வேண்டாமே

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

கடல்நீர் மீன்தொட்டிச் சொற்களில் போன வாரம் ‘சொட்டுப் பழக்கல்’ (புது மீன் வந்த நீரில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு மீனைப் பழக்குவது) வரை வந்து நின்றோம். அடுத்தது ஆல்கலினிட்டி. பட்டியலில் அதற்கு நேரே ‘காரத்தன்மை’ என்று யாரோ முன்பே எழுதிவிட்டார்கள். பாடநூல் சொல்தானே, இதில் பேச என்ன இருக்கிறது என்று தாண்டிப்போகப் பார்க்கிறோம். கொஞ்சம் நில்லுங்கள். அந்தச் சொல்லை நம்பி என் வீட்டில் ஒரு மீன் செத்தது.

நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊர், கடல் கிடையாது. கூடத்தில் 200 லிட்டர் தொட்டி வைத்திருக்கிறேன். இரண்டு நாள் வெளியூர் போகவேண்டி வந்தபோது அக்கா மகனுக்கு ஒரு தாளில் எழுதி வைத்தேன்: ‘புதுக் கோமாளி மீன் ரெண்டு வரும். காரத்தன்மை சரியா இருக்கான்னு பாத்துட்டு விடு.’ பையன் பார்த்தான். பள்ளியில் படித்தபடி காரம் என்றால் பிஎச் 7-க்கு மேல். எடுத்துச் சோதித்தான், 8.2. மாலை நாலு மணி. கடல்நீருக்கு 8.1 முதல் 8.3 வரை நல்லது என்று தொட்டியின் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறேன். விட்டான்.

மறுநாள் விடியுமுன் பிஎச் 7.6. இரண்டில் ஒன்று அடியில் கிடந்தது. புது மீனுக்குப் பயணக் களைப்பும் உண்டு, முழுப் பழியையும் ஒரு சொல்லின் தலையில் கட்டவில்லை. ஆனால் திரும்பி வந்து ஆல்கலினிட்டியை அளந்தால் 4 பாகைதான் (பாகை என்பது அதை அளக்கும் அலகு). இயற்கைக் கடல்நீரில் அது 7-ஐ ஒட்டி இருக்கும். “நீங்க எழுதினதத்தானே மாமா பாத்தேன்” என்றான். அவன் மேல் தப்பே இல்லை.

பிஎச் என்பது இந்த நிமிடத்து நிலை. ஆல்கலினிட்டி என்பது அந்த நிலை சரியாமல் எவ்வளவு அமிலத்தை ஈடுகட்ட முடியும் என்ற கணக்கு. கடல்நீரில் அதைச் சுமப்பவை பெரும்பாலும் பைகார்பனேட்டும் கார்பனேட்டும், கொஞ்சம் போரேட்டும். மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா அமிலத்தை விடுகிறது. அது இந்தக் கணக்கிலிருந்துதான் கழிகிறது. பகலில் விளக்கொளியில் பாசி கரியமில வாயுவைத் தின்றுவிடுவதால் பிஎச் அழகாகத் தெரியும். இரவில் பாசியும் மற்ற உயிர்களோடு சேர்ந்து அதே வாயுவை வெளிவிடும். ஆல்கலினிட்டி பாதியாகிவிட்ட தண்ணீரில், கரியமில வாயு அதே அளவு இருந்தாலும் பிஎச் ஏறக்குறைய 0.3 கீழே நிற்கும். நாலு மணிக்கு அளந்தவனுக்கு இது எப்படித் தெரியும்?

தலைகீழாகவும் பாருங்கள். எங்கள் கிந்தாப் பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள் நிறைய. அந்தமாதிரிப் பாறைக்கடியில் ஊறும் நீரில் பைகார்பனேட் மிகுந்திருக்கும், பிஎச்சோ 7-ஐ ஒட்டியே நிற்கலாம். ஆல்கலினிட்டி அதிகம், ஆனால் காரமில்லாத தண்ணீர். இதைக் ‘காரத்தன்மை மிகுந்த நடுநிலை நீர்’ என்றா எழுதுவது?

அம்மா பால்மரம் சீவியவர். ரப்பர் பாலை உறையவைத்துத் தாளாக்க பார்மிக் ஆசிட் ஊற்றுவார்கள். ஆலைக்குப் போகும்வரை பால் உறையாமலிருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். அம்மோனியா சேர்த்த பால் ஆசிட்டைக் கூடுதலாகக் கேட்கும். பால் எவ்வளவு காரமாக இருக்கிறது என்று யாரும் அங்கே கேட்டதில்லை. ‘இந்தத் தொட்டி எவ்வளவு ஆசிட் கேக்கும்?’ என்பதுதான் கேள்வி. மீன்தொட்டிச் சோதனையும் அதுவே. 5 மில்லிலிட்டர் நீரில் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மஞ்சளாகும்வரை எண்ணுகிறோம். நான் வைத்திருக்கும் புட்டியில் ஒரு சொட்டு ஒரு பாகை. இந்தப் பாகையே ஜெர்மன்காரர்கள் தந்த அளவு. அவர்கள் மொழியில் ஆல்கலினிட்டிக்கு ‘அமிலத்தைப் பிணைக்கும் திறன்’ என்று பொருள்படும் சொல்லும் உண்டு. ‘ஆல்கலி’ என்ற காரத்தின் பெயரையே வைத்து ஆங்கிலம் பிசகிய இடத்தில் நாமும் ஏன் பிசகவேண்டும்?

என் பரிந்துரை: கார இருப்பு. சேமநிதியில் இருப்பது போல. செலவானால் குறையும், போட்டால் ஏறும். ஒரே ஒரு வேண்டுகோள், புணர்ச்சி இலக்கணம் பார்த்துச் சேர்த்து எழுதிவிடாதீர்கள். ‘காரவிருப்பு’ என்றால் மிளகாய்மேல் ஆசை என்றாகிவிடும்.

சுங்கை சிப்புட்டிலிருந்து

---

ஐயா, வணக்கம்.

பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன் என்ற முறையில் குழப்பத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘இருப்பு’ கணக்குப்பிள்ளைச் சொல்லாக இருக்கிறது. ‘தாங்கல் கரைசல்’ பாடநூலில் நிலைத்துவிட்ட சொல். அதன் வழியே ‘தாங்குதிறன்’ என்று வைத்தால் மாணவனுக்கு உடனே பிடிபடும்.

கோவையிலிருந்து

---

அன்புடையீர்,

எங்கட பாடநூல்களில் மூலம் (பேஸ்) வேறு, காரம் (ஆல்கலி) வேறு. நீரில் கரையும் மூலந்தான் காரம். அதனால் ‘கார இருப்பு’ இங்கேயும் தலைகீழாகாது. மற்றது, மீன் செத்ததற்குச் சொட்டு விட்டதில் பிழை இருக்குமோ? நெடுநேரம் பையில் வந்த மீனை ஆறுதலாகப் பழக்கினால் அதுவே நஞ்சாகும் என்று கேள்விப்பட்டிருக்கிறன்.

யாழ்ப்பாணத்திலிருந்து

---

இருவருக்கும் நன்றி.

யாழ்ப்பாண நண்பருக்கு முதலில். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். மூடிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயு பிஎச்சை இறக்கிவிடும்; அந்த நிலையில் அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியமாகவே கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு பறக்கும், பிஎச் ஏறும், அம்மோனியா நஞ்சாக மாறும். அந்தத் தண்ணீரிலேயே மீனை வைத்து இரண்டு மணி நேரம் சொட்டு விட்டால் கதை முடிந்தது. நாட்கணக்கில் பையில் வந்த மீனுக்கு வெப்பத்தையும் உப்பளவையும் ஒப்பிட்டுக்கொண்டு விரைவாக எடுத்துவிடுவதே மேல். என் மீன்கள் ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்தவை, அதனால் அந்த ஐயம் எனக்கில்லை. வேறொரு தப்பு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்: புது மீனைத் தனித்தொட்டியில் நாலு வாரம் வைக்கச் சொல்லாமல் நேரே பெரிய தொட்டிக்கு அனுப்பினேன். வெள்ளைப்புள்ளி நோய் வராதது என் அதிர்ஷ்டம்.

கோவை ஐயாவுக்கு. ‘தாங்குதிறன்’ நல்ல சொல், அதனாலேயே அதை இங்கே செலவழிக்கத் தயக்கம். ஒரு கரைசலில் பிஎச்சை ஓரலகு நகர்த்த எவ்வளவு அமிலமோ காரமோ வேண்டும் என்பது தனி அளவு. பிஎச் மாறினால் அதுவும் மாறும். ஆல்கலினிட்டி அப்படியல்ல. கரியமில வாயு கூடினாலும் குறைந்தாலும் பிஎச் ஆடும், ஆல்கலினிட்டி அசையாது. தாங்குதிறனை அந்த இன்னொன்றுக்கு ஒதுக்கி வையுங்கள், ஒருநாள் தேவைப்படும். கணக்குப்பிள்ளைச் சொல் என்றீர்கள். அதுதானே இதன் பலம்? எங்கள் ஊர்ப் பெயரிலேயே நத்தை இருக்கிறது, மலாயில் ‘சிப்புட்’ என்றால் நத்தை. நத்தை ஓடு கட்டுவதும் பவளம் வளர்வதும் இந்த இருப்பிலிருந்து எடுத்துத்தான். எடுத்ததைத் திரும்பப் போடவேண்டும் என்பதை ‘தாங்குதிறன்’ சொல்லாது.

நேற்று விளக்கம் எதுவும் சொல்லாமல் அக்கா மகனிடம், “கார இருப்பு நாலுதான் இருக்கு, ஏழுக்குக் கொண்டுவரணும்” என்றேன். பையன் யோசிக்கவே இல்லை. “அப்ப டாப்-அப் பண்ணணுமா மாமா?” என்றான். சமையல் சோடாவை நிறுத்துக் காட்டினேன்: 200 லிட்டருக்கு 6 கிராம், ஒரு பாகை ஏறும். நாளொன்றுக்கு ஒரு பாகைக்கு மேல் வேண்டாம் என்றதும் மூன்று நாள் என்று அவனே கணக்குப் போட்டான்.

சிக்கல் என்னவென்றால், தொட்டிக்காரர்கள் டாப்-அப் என்று சொல்வது ஆவியாகிப்போன தண்ணீருக்கு ஈடாக நன்னீர் ஊற்றுவதை. உப்பு ஆவியாகாது, அதனால் அங்கே உப்புநீர் ஊற்றக்கூடாது. அதற்கும் நம் பட்டியலில் சொல் இல்லை. ‘ஈட்டுநீர்’ என்று போடலாமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து