தோற்ற மேட்ச்சில் மனம் எங்கே போயிருந்தது? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடுபவர்

ரேங்க்ட் (வென்றால் ஏறி, தோற்றால் இறங்கும் தரவரிசை மேட்ச்) ஆடுகிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் ரேங்க் அப்படியே நின்றுவிடும். காம்போ (தொடர் அடி) கைக்குப் படிந்திருக்கும், ஃப்ரேம் டேட்டா (எந்த அடிக்கு எத்தனை ஃப்ரேம் ஆகும் என்ற கணக்கு; ஃப்ரேம் என்பது திரையில் மாறும் ஒரு படம்) மனப்பாடமாக இருக்கும், ஆனாலும் ஏறாது. எனக்கு அது ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேமில் நடந்தது. என்னை அங்கிருந்து நகர்த்தியது புதிய காம்போ எதுவும் இல்லை. ஆடும்போது என் கவனம் எங்கே போகிறது என்று பார்க்கப் பழகியதுதான். இதை விரிவாக எழுத வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

டிரைவ் இம்பாக்ட் என்ற பலமான அடியை எடுத்துக்கொள்வோம். அது கிளம்பி வந்து அடிக்க 26 ஃப்ரேம் ஆகும். வினாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஏறக்குறைய 0.43 வினாடி. கண்ணால் பார்த்துக் கை அசைய மனிதருக்குச் சுமார் கால் வினாடி போதும், அதாவது 15 ஃப்ரேம். ஆன்லைன் தாமதம் கொஞ்சம் தின்றாலும் இடம் மிச்சம் இருக்கிறது. ட்ரெய்னிங் ரூமில் பொம்மையை எப்போது வேண்டுமானாலும் அடிக்கச் சொல்லி வைத்தால் கிட்டத்தட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் கொடுத்துவிடுவேன். மேட்ச்சில் கார்னரில் (திரையின் ஓரத்தில், பின்வாங்க இடமில்லாமல்) நிற்கும்போது அதே அடி நேராக வந்து விழும்.

"ரிஃப்ளெக்ஸ் போச்சு, வயசாயிடுச்சு" என்று பலர் இந்த இடத்தில் கேமையே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ட்ரெய்னிங் ரூமில் நாம் ஒரே ஒன்றுக்காகக் காத்திருக்கிறோம். மேட்ச்சில் ஜம்ப், த்ரோ (பிடித்து எறிவது), டிரைவ் ரஷ் (வேகமாகப் பாய்ந்து வருவது), ஃபயர்பால் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காத்திருக்கிறோம். எதிர்பார்க்க வேண்டியவை கூடக் கூட எதிர்வினை தாமதமாகும் என்பதை ஹிக் என்ற உளவியலாளர் 1952-லேயே அளந்து காட்டியிருக்கிறார். ஃபைட்டிங் கேம் ஆடுபவர்கள் இதையே மென்டல் ஸ்டாக் என்கிறோம்.

அந்த ஸ்டாக்கில் கேமுக்குச் சம்பந்தமே இல்லாதவையும் உட்கார்ந்திருக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. "இந்த ரவுண்டு போனால் ரேங்க் இறங்கிவிடும்", "மறுபடியும் அதே த்ரோவா" என்பவையும் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

அப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். தோற்றதும் ரீமேட்ச் அழுத்தும் முன் கையை கன்ட்ரோலரிலிருந்து எடுத்துவிட்டு ஒரே ஒரு வரி எழுதுவேன். அந்த அடி விழுந்தபோது மனதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது? அவ்வளவுதான். என்ன செய்திருக்க வேண்டும் என்பது அப்போது வேண்டாம். பிறகு இன்புட் (நான் அழுத்திய பட்டன்கள்) தெரியும்படி வைத்து ரீப்ளே பார்ப்பேன்.

அந்த இன்புட் பட்டியல் ஒரு பொக்கிஷம். நிதானமாக ஆடிய ரவுண்டில் எதையும் அழுத்தாத இடைவெளிகள் தெரியும்: பின்னால் நகர்வது, நிற்பது, பார்ப்பது. உயிர் குறைந்த ரவுண்டில் அந்த இடைவெளிகளே இருக்காது. பட்டன் மேல் பட்டன். டிரைவ் இம்பாக்ட் வாங்கிய இடங்களில் பெரும்பாலும் நான் ஏற்கெனவே எதையோ அழுத்தி முடித்திருந்தேன். கண் மெதுவாக இல்லை, கைதான் காலியாக இல்லை. இது தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே பெரிய நிம்மதி. வயதை மாற்ற முடியாது, இதை மாற்றலாம்.

மேட்ச் நடக்கும்போதே இதைப் பிடிக்க எனக்கு உதவுவது உடம்புதான். தோள் காதுப்பக்கம் ஏறியிருக்கும், கட்டைவிரல் தேவைக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கும். அது தெரிந்ததும் "அவசரம்" என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டு, ரவுண்டுகளுக்கு நடுவே மூச்சை ஒருமுறை நீளமாக வெளியே விடுவேன்.

ஜான் கபாட்-சின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியைத் தொடங்கியபோது அங்கே வந்தவர்களில் பலர் நாள்பட்ட வலியோடு இருந்தவர்கள். வலியை வலியாகப் பார், அதைச் சுற்றி மனம் கட்டும் கதையைத் தனியாகப் பார் என்பது அந்தப் பயிற்சியின் ஒரு முக்கியமான பகுதி. தோல்விக்கும் இது அப்படியே பொருந்துகிறது என்று நினைக்கிறேன். உங்களுக்கு எப்படி?

டோட்டாவில் சப்போர்ட் ஆடுபவர்

நீங்கள் ஒருவருக்கு ஒருவர் ஆடுகிறீர்கள், பழி போட ஆள் இல்லை. எங்கள் டீமில் என்னோடு நான்கு பேர் இருக்கிறார்கள்! ரீப்ளேயைத் திறந்தாலே கை தானாக கேரி (சப்போர்ட்டான நாங்கள் காத்து வளர்க்கும் முக்கிய ஹீரோவை ஆடுபவர்) மேல் போகும். அவர் ஏன் அங்கே ஃபார்ம் செய்தார் (தங்கம் சேர்த்தார்), ஏன் டிபி போட்டு (டெலிபோர்ட் ஆகி) ஃபைட்டுக்கு வரவில்லை என்று.

டோட்டா 2 ரீப்ளேயில் யாருடைய பார்வையிலிருந்தும் பார்க்கலாம். அவருடைய கேமரா, மவுஸ் எல்லாம் அப்படியே தெரியும். யார் மேல் அதிகக் கோபம் வந்ததோ, அவருடைய பார்வையில் அந்த ஃபைட்டை ஒருமுறை பார்க்கத் தொடங்கினேன். நான் "தெளிவாகத் தெரிந்ததே" என்று நினைத்த எதிரி அவருடைய திரையிலேயே இல்லை. கேமரா வேறு பக்கம், மினிமேப்பில் ஒரு கணம் வந்து போன புள்ளி மட்டும்தான். அதை அவருக்குச் சொல்ல வேண்டிய ஆள் நான், ஒரு பிங் (வரைபடத்தில் இடத்தைச் சுட்டும் சமிக்ஞை) போதும். நானோ முந்தைய ஃபைட்டைப் பற்றி சாட்டில் டைப் செய்துகொண்டிருந்தேன். டைப் செய்யும்போது ஹீரோ நின்ற இடத்திலேயே நிற்கும், அதையும் ரீப்ளே காட்டிவிடும்.

இதைச் செய்யத் தொடங்கிய பிறகு என் வார்டுகள் (சுற்றுப்புறத்தைக் காட்ட நட்டு வைப்பவை) மாறின. வரைபடத்தில் எது நல்ல இடம் என்பதை விட, இப்போது கேரி எந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கிறார் என்று யோசித்து வைக்கிறேன். பிங்கும் முன்கூட்டியே போகிறது. முன்பு ம்யூட் செய்துவிட்டு ஆடுவதுதான் மன அமைதி என்று நினைத்திருந்தேன். திட்டுகிறவரை ம்யூட் செய்வது இப்போதும் சரிதான். ஆனால் டீமையே மனதிலிருந்து ம்யூட் செய்தால் சப்போர்ட் ஆடவே முடியாது.

ஓஜி என்ற டோட்டா டீம் 2018-இல் ஓப்பன் குவாலிஃபையரிலிருந்து (யாரும் கலந்துகொள்ளக்கூடிய தகுதிச் சுற்று) ஏறி வந்து, வான்கூவரில் டோட்டாவின் மிகப் பெரிய போட்டியான தி இன்டர்நேஷனலை வென்றது. ஃபைனலில் பிஎஸ்ஜி.எல்ஜிடி டீமை 3-2 என்று ஜெயித்தார்கள். அடுத்த ஆண்டு ஷாங்காயில் மறுபடியும் வென்று, இரண்டு முறை வென்ற முதல் டீம் ஆனார்கள். மியா ஸ்டெல்பெர்க் என்ற விளையாட்டு உளவியலாளர் அவர்களோடு வேலை செய்தார். அந்த உயரத்தில் ஆடுபவர்களே மனதைத் தனியாகக் கவனிக்க ஆள் வைத்துக்கொள்ளும்போது, நாம் அதற்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடுபவர்

அதே ஸ்டெல்பெர்க் ஆஸ்ட்ராலிஸ் என்ற கவுன்டர்-ஸ்ட்ரைக் டீமோடும் வேலை செய்திருக்கிறார். அவர்கள் 2017 ஜனவரியில் அட்லான்டாவில் மேஜர் (பெரிய சாம்பியன்ஷிப்) ஜெயிப்பதற்கு முன்பு.

என் விஷயம் சின்னது. கிளட்ச், அதாவது டீமில் கடைசி ஆளாக நின்று ரவுண்டை ஜெயிக்கப் பார்ப்பது. எதிரிகள் பாம் வைத்தாகிவிட்டது, நான் ஒருவன் மட்டும் மிச்சம், எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். நேரமே இல்லை என்று மனம் கத்தும். ஆனால் பாம் வெடிக்க 40 வினாடி, கிட் (அதற்கான கருவி) இருந்தால் அதை டிஃப்யூஸ் செய்ய, அதாவது செயலிழக்க வைக்க, 5 வினாடி. ஒரு மூச்சு முழுதாக விட்டுவிட்டு அடிச்சத்தம் கேட்க நேரம் உண்டு. மூச்சை நீளமாக வெளியே விடும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் இறங்கும், மவுஸ் பிடியும் தளரும். பிடி தளர்ந்தால்தான் எய்ம் நிற்கிறது. எனக்கு இது ஒன்றே போதுமாக இருந்தது.

டெக்கன் ஆடுபவர்

மாற்றுக் கருத்து ஒன்று. கண்ணை மூடி உட்காரும் தியானம் எனக்குக் கொஞ்சமும் ஒத்துவரவில்லை, படபடப்பு கூடியதுதான் மிச்சம். தோற்ற வேகத்தில் அடுத்த மேட்ச்சுக்கு க்யூ போடாமல் எழுந்து நடப்பது உதவியது. நல்ல தூக்கம் அதைவிட உதவியது.

முதலில் எழுதிய நண்பருக்கு ஒரு கேள்வி. நானும் நோட்டு வைத்தேன். சீக்கிரமே அது என்னை நானே திட்டும் பட்டியலாகிவிட்டது. திறந்தாலே ஆடும் ஆசை போய்விடுகிறது. உங்களுக்கு அப்படி ஆகவில்லையா?

ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடுபவர்

நல்ல கேள்வி நண்பரே. தியானம் ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள், நடப்பதும் கவனிப்பதுதான்.

நோட்டுக்கு நான் வைத்திருக்கும் விதி: ரீப்ளேயில் சரிபார்க்க முடிந்ததும், அந்த நேரத்தில் மனதிலும் உடம்பிலும் இருந்ததும் மட்டும்தான் எழுதலாம். "முட்டாள்தனமாகக் குதித்தேன்" என்பதில் முட்டாள்தனத்தை எந்த ரீப்ளேயிலும் காட்ட முடியாது, அதனால் அடித்துவிடுவேன். அதையே "உயிர் கால்வாசி, அவர் ஃபயர்பால் போடவில்லை, நான் குதித்தேன், பயம்" என்று எழுதினால் அடுத்த மேட்ச்சுக்குப் பயன்படும். எதிரே ஆடியவர் நன்றாகச் செய்தது ஒன்றையும் பக்கத்தில் எழுதுவேன். சமமான ஆளைத்தான் மேட்ச்மேக்கிங் தேடிக் கொடுக்கிறது. அப்படியென்றால் பாதியளவு மேட்ச் தோற்கத்தான் செய்யும், அதற்கெல்லாம் காரணம் நம் குறை மட்டுமே இல்லை. அவரும் ஆடத்தானே வந்திருக்கிறார்.

உங்கள் பழைய நோட்டு கையில் இருந்தால், உங்களை நீங்களே திட்டிய வரிகளில் இரண்டு மூன்றை இங்கே போடுங்கள். ரீப்ளேயையும் பாருங்கள். சேர்ந்தே மாற்றி எழுதிப் பார்க்கலாம்.